ஒவ்வொரு விருந்தினருக்கும் கைவிசேடம்

அந்தச் சொல் என் தலைக்குள் விழுந்தது மருதனார்மடச் சந்தியில், புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் பயண முகவர் கந்தோரில், ஒரு பின்னேரம். மின்விசிறிக் காற்றில் சுவர் நாட்காட்டியின் தாள்கள் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தன. சித்திரை வருசப்பிறப்புக்கு இன்னும் ஐந்து நாள். எழும்பிய தாளுக்குப் பின்னால் சிவப்பு எழுத்தில் புண்ணிய காலம், மருத்துநீர், கைவிசேட நேரம் என்று வரிசையாகக் கிடந்தது. கைவிசேடம்! நான் கதிரையை விட்டு எழும்பியே விட்டேன்.

இரண்டு மணித்தியாலமாக ஒரு ஆங்கிலச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று யாருக்கும் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. கிறற்றுயிற்றி, கப்பல் வேலையாட்களுக்குப் பயணிகள் கொடுக்கிற ரிப்ஸ் காசு. வருசம் பிறந்த கையோடு காங்கேசன்துறையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் ஒன்றுக்கு எங்கள் கந்தோர் முப்பத்திரண்டு இடம் எடுத்திருந்தது. நாலு இரவு. திருகோணமலையைத் தொட்டு, நடுக்கடலில் மிதந்து, திரும்பி வருவது. கப்பல் கொம்பனி ஆறு பக்கத்தில் விதிமுறைத் தாள் அனுப்பியிருந்தது: கொரோனாச் சட்டம், இலவசச் சலுகைகள், கட்டணங்கள். அதைத் தமிழாக்கி, கூட்டத்தில் வாசித்து, பிறகு அந்த முப்பத்திரண்டு பேரோடும் கூடப் போய்வருவது என் வேலை. பல்கலைக்கழகம் முடித்து எட்டு மாதம், கப்பலில் கால் வைக்கப்போகிறேன் என்ற ஒரே நினைப்பு.

"ஆறுதலாச் செய் பிள்ளை, நாளண்டைக்குத்தானே கூட்டம்" என்றார் முதலாளி அண்ணை.

ஆறுதலாகச் செய்வது எனக்கு வராத கலை. 'அன்பளிப்பு' என்று போட்டுப் பார்த்தேன். கலியாண வீட்டு மொய் மாதிரி இருந்தது. 'சன்மானம்' போட்டால் தவில்காரர் நினைவுக்கு வந்தார். எங்கள் சனம் இதற்கு 'சந்தோசம்' என்றுதான் சொல்லும். பந்தல் போட்டவனுக்கு, கரண்ட் வேலை பார்த்தவனுக்கு, கூலிக்கு மேலே கையில் வைப்பது. ஆனால் அச்சிட்ட தாளில் 'நாளொன்றுக்குப் பன்னிரண்டு டொலர் சந்தோசம்' என்று கிடந்தால் சிரிப்பார்களே என்று விட்டுவிட்டேன். சிரித்திருப்பார்கள்தான். சிரித்தாலும் விளங்கியிருக்கும்.

நான் எழுதிய வசனம் இது: "ஒவ்வொரு விருந்தினருக்கும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு டொலர் கைவிசேடம் உங்கள் கணக்கில் சேர்க்கப்படும்." ஆங்கிலத்தில் இருந்ததில் ஒரு சொல்லைக்கூட நான் விடவில்லை. அதுதான் வினை. கைவிசேடம் என்பது வருசத்தன்று நேரம் பார்த்து, வெற்றிலையில் வைத்து, பெரியவர் சிறியவருக்கு, வீட்டுக்காரர் வந்தவருக்குக் கொடுக்கிற காசு. வந்தவர் வீட்டுக்காரருக்குக் கைவிசேடம் கொடுத்த கதை எங்கள் பக்கத்தில் இல்லை. இதைத் தெரியாமலா நான் இருபத்தைந்து வருசப்பிறப்புக் கண்டேன்? தெரியும். ஆனால் சொல் கிடைத்த சந்தோசத்தில், அது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று நான் பார்க்கவில்லை.

கூட்டத்தில் ஒரேயொருவர்தான் தாளை ஒழுங்காக வாசித்தார். புத்தூரிலிருந்து மனைவியோடு வந்த விதானையார். கிராம அலுவலர் என்று அரசாங்கம் பெயர் மாற்றி எவ்வளவு காலமோ, அவர் ஓய்வு பெற்றும் எவ்வளவு காலமோ, ஊருக்கு அவர் இன்றும் விதானையார்தான். சட்டைப் பையில் இரண்டு பேனை: ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. சிவப்பால் ஒரு வரிக்குக் கீழே கோடு இழுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உந்தக் கைவிசேடம் எல்லாருக்குமோ?"

"ஓம் ஐயா, எல்லாருக்கும்தான்."

"என்ரை மனுசிக்கும் தனியா?"

"ஓம், ஆளுக்கு ஆள் தனி."

"பாத்தியளே" என்று பக்கத்து வாங்கில் இருந்தவர்களிடம் திரும்பினார். "வெள்ளைக்காரன்ரை கொம்பனி. வருச நாளை மதிக்கிறான்."

அடுத்த நாளே மிச்சமிருந்த ஆறு இடமும் நிரம்பிவிட்டது. முதலாளி அண்ணை எனக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கித் தந்தார்.

காங்கேசன்துறைத் துறைமுகத்தில் எங்களை வரவேற்றது ஒரு கூடாரமும் மூக்குக்குள் விடுகிற குச்சியும். அந்த நேரம் ஊரில் மாஸ்க் என்ற சாமானே மறந்துபோயிருந்தது. பஸ்ஸில் இல்லை, கோயிலில் இல்லை, ஆசுப்பத்திரியில்கூடப் பாதிப் பேருக்கு இல்லை. கப்பல் கொம்பனிக்கு மட்டும் கொரோனா நேற்றுத்தான் வந்தது போல. தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் சீல் குத்த வேண்டும் என்றார்கள். எங்கள் ஆட்கள் அட்டையை என்ன செய்திருந்தார்கள் தெரியுமோ? முப்பத்திரண்டு பேரில் இருபத்தைந்து பேர் லமினேற் செய்திருந்தார்கள். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, தடுப்பூசி அட்டை, எதுவானாலும் கண்ணாடித் தாளுக்குள் போட்டால்தான் எங்களுக்கு நித்திரை வரும். சீல் குத்தக் குத்த மை வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இதில சீல் பிடிக்காது" என்றார் சீல் குத்திய கப்பல் அலுவலர்.

"மூண்டு ஊசியும் போட்டவன் நான்" என்றார் விதானையார். "மூண்டாவதுக்குப் புத்தூரிலை முதல் ஆளா நிண்டவன். சீல் பிடிக்காட்டி அது உம்மடை சீலிலை பிழை."

பிளேட்டால் லமினேற்றைக் கிழிக்க ஒன்றரை மணித்தியாலம் போனது. ஒவ்வொரு அட்டையும் கிழிபடும்போது அதன் சொந்தக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! உடுப்பிட்டியிலிருந்து தனியாக வந்த ஒரு அன்ரி, லண்டன் மகள் ரிக்கெற் எடுத்துக் கொடுத்தவ, மூக்குக் குச்சிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "மூக்குத்தி கழட்டோணுமோ?" என்று கேட்டா. வேண்டாம் என்றார்கள். வெளியே வந்து, "மூளை மட்டும் விட்டிட்டான். இதுக்கோ மகள் காசு கட்டினவள்?" என்றா. அந்தக் கேள்வியையும் என்னைப் பார்த்தே கேட்டா.

கப்பலுக்குள் போனபிறகாவது முகங்கள் மலரும் என்று நினைத்தேன். மலர்ந்தாலும் மாஸ்க்குக்கு மேலால் தெரியாதே. சலுகை சலுகை என்று கத்தைகத்தையாய்க் கூப்பன் தந்தார்கள். அறைக்கு ஒரு போத்தல் வைன் இலவசம். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் மச்சம் மாமிசம்கூடத் தொடாத ஆட்கள். விதானையார் போத்தலைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்குப் போய் இதற்குப் பதிலாக நெல்லிரசம் தரலாமோ என்று கேட்டார். மாற்ற முடியாதாம். "அப்ப குடிக்காதவனுக்கு என்ன சலுகை?" குடிக்காதவனுக்கு உடம்பு பிடித்துவிடும் சலுகை இருந்தது, பாதி விலைக்கு, மிச்சப் பாதியை அவன் கட்ட வேண்டும். பஃபேயில் நாமாக எடுத்துப் போடக் கூடாது, கையுறை போட்டவர்கள்தான் போடுவார்கள், வடை ஆளுக்கு இரண்டுதான், மூன்றாவதுக்குத் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும், வரிசையில் நிற்பதென்றால் திரும்ப மருந்துத் தண்ணியில் கை கழுவ வேண்டும். சலுகை என்று எழுதியிருந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விதி ஒளிந்துநின்றது. கூப்பன் அடித்த பிறகு யாரோ இருந்து யோசித்து இவற்றை எழுதியிருக்க வேண்டும். அந்த ஆளை ஒருநாள் சந்திக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அந்தக் கப்பலில் ஒழுங்காக நடந்த ஒரே விசயம் எங்கள் நடைவழியின் அறைகள். எங்கள் ஆட்களின் பதினாறு அறையும் என் ஒற்றை அறையும் ஒரே பெண்ணின் பொறுப்பு. ஹற்றன் பக்கத்து அக்கா, நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும், மாஸ்க்குக்கு மேலே களைத்த கண். தமிழ் ஆள் என்று தெரிந்ததும் நான் துள்ளினேன், அவ துள்ளவில்லை. "சொல்லுங்க மிஸ், என்ன வேணும்?" என்றா, அவ்வளவுதான். முதல் நாள் ஒவ்வொரு கட்டிலிலும் துவாயை மடித்து யானை செய்து வைத்திருந்தா. விதானையாரின் மனுசி அதைக் கண்டதும் பிள்ளையார் என்றே முடிவெடுத்து, துதிக்கைக்கு மேலே திருநீறு பூசி, மேசைச் சாடியிலிருந்த பிளாஸ்ரிக் பூவையும் வைத்துவிட்டா. பிறகு துடைக்கத் துவாய் இல்லை. அக்கா வந்து பார்த்தா. ஒன்றும் கேட்காமல் வேறு இரண்டு துவாய் கொண்டுவந்து வைத்தா. பிறகு வந்த நேரமெல்லாம் அந்த யானையைக் கலைக்காமல் சுற்றித் தூசி தட்டினா. திருகோணமலையில் இறங்க விடமாட்டோம், சுகாதார விதி என்று அறிவித்து, கோணேசர் மலையைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுக் கப்பல் திரும்பியபோது, மேல்தட்டில் நின்று கும்பிட்டுவிட்டு அழுகிற முகத்தோடு வந்த கிழடுகளுக்குச் சுடுதண்ணி கொண்டுவந்து கொடுத்ததும் அவதான். அது அவவின் வேலையே இல்லை.

அன்று மத்தியானம் கதவுக்குக் கீழால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு தாள் வந்தது. அதுவரை ஏறிய செலவு விபரம். நான் என் தாளைப் பார்க்க முதல் என் கதவு அடிபட்டது. விதானையார், பின்னால் உடுப்பிட்டி அன்ரி, அவவுக்குப் பின்னால் நடை முழுக்கச் சனம்.

"பிள்ளை, எனக்குத் தாறதெண்டு எழுதின கைவிசேடத்தை என்னட்டையே எடுத்திருக்கிறாங்கள். ரெண்டு பேருக்கும். ரெண்டு நாளுக்கும்."

ஆங்கில வரியை வாசித்தேன். அதே சொல். மருதனார்மடத்தில் நான் எழுதிய வசனம் அப்படியே தலைகீழாகத் திரும்பி என்னைப் பார்த்தது. அந்த இடத்தில், அந்த நிமிசத்தில், "ஐயா, பிழை என்னிலை" என்று சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நான் சொன்னது இது: "கொம்பனிக்காரர் உப்பிடித்தான் ஐயா. ஏமாத்துக்காரர்."

இதில் பொய் இல்லை என்பதுதான் என் வசதி. வேலைக்காரருக்குத் தான் கொடுக்க வேண்டிய சம்பளத்தைப் பயணி கையால் கொடுக்க வைத்து, அதற்கு நன்றி என்று பெயரும் வைக்கிற கொம்பனியைப் பற்றி நான் அன்றைக்கும் இன்றைக்கும் நல்ல வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் கேட்டது அதையல்ல.

கவுண்டரில் விசாரித்தேன். விருப்பமில்லாதவர் அந்தக் கட்டணத்தை நீக்கலாம், ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் காரணத்துக்கு மூன்று பெட்டி. ஒன்று, பணியாளருக்கு நேரே கையில் கொடுப்பேன். அதற்குப் பணியாளரின் கையெழுத்தும் வேண்டும். இரண்டு, சேவை திருப்தியில்லை. மூன்று, வேறு காரணம். முகாமையாளர் கூப்பிட்டு விசாரிப்பார்.

"வேறை கையெழுத்தும் விசாரணையும் இல்லாத பெட்டி எது?" என்று கேட்டார் விதானையார்.

"ரெண்டாவது ஐயா."

"அப்ப ரெண்டாவது."

நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்து மேசையில் அவர் நீலப் பேனையோடு உட்கார, நான் ஆங்கிலம் வாசித்துச் சொல்ல, பதினாறு படிவமும் ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. எவ்வளவு உற்சாகம்! நான்தான் ஓடி ஓடிக் கையெழுத்து வாங்கினேன். கொம்பனியை மடக்கிவிட்டோம் என்று அன்ரிக்கு ஐஸ்கிறீம்கூட எடுத்துக் கொடுத்தேன். திருப்தியில்லாத சேவை என்றால் அது ஒரு ஆள் செய்த சேவை, பதினாறு அறைக்கும் ஆள் ஒன்றுதான் என்பது அந்த மேசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

அடுத்த நாள் காலமை துவாயில் யானையும் இல்லை, அன்னமும் இல்லை. அக்கா என் வாசலில் நின்றா, கையில் ஒன்றும் இல்லாமல்.

"மிஸ், நான் என்ன குறை வெச்சேன்னு சொல்லுங்க. திருத்திக்கிறேன்."

"குறையோ? ஒண்டுமில்லையே அக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா பதினாறு பேர் எழுதிக் குடுத்தீங்க? சூப்பர்வைசர் காலையில கூப்பிட்டு வரிசையா வெச்சுக் காட்டுனாரு. அடுத்த மாசம் என் கான்ராக்ட் முடியுது. புதுப்பிக்கச் சொல்லி பேப்பர் மேல போயிருந்துச்சு. இப்ப நிறுத்தி வெச்சுட்டாங்க. உங்க ஊர் ஆளுங்க நல்லா எழுதுவாங்கன்னு தெரியும் மிஸ். இவ்வளவு நல்லா எழுதுவாங்கன்னு தெரியாது."

நான் சொன்னேன். கைவிசேடம், நாட்காட்டி, பெட்டி, எல்லாம். அவ கேட்டுக்கொண்டே நின்றா. கடைசியில் ஒரு சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை.

"கப்பல்காரன் உங்களுக்குக் கைவிசேசம் குடுப்பான்னு நம்புனீங்களா? படிச்சவங்க நீங்க!"

"நான் போய் எல்லாரிட்டையும் கதைக்கிறன் அக்கா. எழுதினதைத் திருப்பி எடுப்பிக்கிறன்."

"எடுப்பீங்க, எடுப்பீங்க" என்றுவிட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனா.

பதினாறு கதவையும் தட்டினேன். பிழை என்னுடையது என்று பதினாறு தரம் சொன்னேன்; சொல்லச் சொல்ல அது இலேசாகவில்லை. சிலர் கதவைப் பாதிதான் திறந்தார்கள். சிலர் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வந்தார்கள், என்னிடமிருந்து பிழை தொற்றும் போல. உடுப்பிட்டி அன்ரி நேரே கேட்டா: "பிழை விட்டது நீ. காசு நாங்கள் குடுக்கோணுமோ?"

"காசை விடுங்கோ அன்ரி. சேவை சரியில்லையெண்டு எழுதினதைத் திருப்பி எடுங்கோ. அந்த மனுசியின்ரை வேலை போகப்போகுது."

"அதை எடுத்தா இது தானா ஏறும். எனக்குத் தெரியாதே?" பிறகு அக்காவின் ஊரைச் சேர்த்து ஒரு சொல் சொன்னா. எங்கள் ஆட்களின் வாயில் மலையக ஆட்களுக்கென்று கிடக்கிற அந்தச் சொல்லை நான் எழுதப்போவதில்லை. நானும் சத்தம் போட்டேன். அதனால் அந்தக் கையெழுத்து நிரந்தரமாகவே போனது.

இரண்டு சோடி மட்டும், சரி பிள்ளை, பின்னேரம் கவுண்டருக்கு வாறம் என்றார்கள். கடைசியாக விதானையார். அவர் திரும்பி எடுத்தால் மிச்சப் பேரும் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"முப்பது வரியம் உத்தியோகம் பாத்தனான்" என்றார். "கையெழுத்து வைச்ச ஒரு கடுதாசியைத் திருப்பி வாங்கினதில்லை. வாங்கினா என்ரை கையெழுத்துக்கு என்ன மதிப்பு?"

"அவா உங்கடை பிள்ளையாரைக்கூடக் கலைக்கேல்லை ஐயா."

"அதை நான் இல்லையெண்டனானோ? படிவத்திலை பிள்ளையாருக்குப் பெட்டி இருந்ததோ? நீதானே ரெண்டாவது எண்டனீ."

அவருக்குப் பின்னால், குளிரூட்டியின் கீழே போர்த்துக்கொண்டு படுத்திருந்த மனுசி இருமினா. அது வெறும் குளிர் இருமல் என்றுதான் நினைத்தோம். நடையில் போன யாரோ கவுண்டருக்குச் சொல்லிவிட்டார்கள். அரை மணித்தியாலத்தில் முழு அங்கி போட்ட இருவர் குச்சியோடு வந்தார்கள். பொசிற்றிவ். மத்தியானத்துக்கு முதலே எங்கள் நடையின் இரண்டு முனையிலும் மஞ்சள் நாடா. கரை சேரும்வரை ஒருவரும் அறையை விட்டு வரக் கூடாது.

கவுண்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். படிவங்களை மீளப் பெற வேண்டும் என்றேன். "பயணி நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்" என்றது குரல். "எங்களை வர விடுறீங்கள் இல்லையே." "அது சுகாதார விதி." "அப்ப நேரில் வரச் சொல்லுறது?" "அது கணக்குப் பகுதி விதி." "ரெண்டு விதியும் ஒண்டையொண்டு சந்திச்சதே இல்லையோ?" குரல் எனக்கு இனிய நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்தது. ஏழு தரம் எடுத்தேன். ஏழு தரமும் வாழ்த்தினார்கள்.

நடை மூடியிருந்த நேரம் முழுக்க, முழு அங்கியும் முகக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் சாப்பாட்டுப் பெட்டி வைத்தது அதே அக்காதான். பதினாறு கதவு. வைத்துவிட்டு இரண்டு தட்டு. நான் கதவைத் திறந்து, "அக்கா, கரைக்குப் போனதும்..." என்று தொடங்கினேன். "கதவ மூடுங்க மிஸ், இதுக்கும் எம்மேலதான் எழுதுவாங்க" என்றா. நடையின் மற்ற முனையில் அன்ரி கதவிடுக்கால் சாம்பார் ஆறிப்போச்சு என்று சொல்லும் சத்தம் கேட்டது.

காங்கேசன்துறையில் இறங்கும்போது எல்லாரும் என்னைத் தாண்டித்தான் போனார்கள். விதானையாரையும் மனுசியையும் தனி வானில் ஏற்றினார்கள். ஒரு கிழமை வீட்டுக்குள். மனுசிக்குக் கடுமை ஒன்றும் இல்லை என்றதில் எனக்கு மனம் ஆறியது. அக்காவை எங்கும் காணவில்லை. இறங்கு பாலத்தடியில் நின்ற அலுவலரிடம், அந்த முறைப்பாடுகள் என்னவாகும் என்று கேட்டேன். கப்பல் திரும்பக் காங்கேசன்துறைக்கு வர இரண்டு கிழமை, அதுவரை முறைப்பாட்டுக் கோவை திறந்திருக்கும், பயணிகள் எழுத்தில் ஏதும் தந்தால் சேர்ப்போம், தராவிட்டால் உள்ளதை வைத்து முடிவெடுப்போம் என்றார். அவர் ஒருவர்தான் அந்த நாலு நாளில் எனக்கு ஒரு கேள்விக்கு ஒரு பதில் தந்தவர்.

முதல் கிழமையை நான் வீணாக்கினேன். வீடு வீடாகத் தொலைபேசி எடுத்தேன், கெஞ்சினேன். வாறம் என்று கப்பலில் சொன்ன இரண்டு சோடியும் தரையில் கால் பட்டதும் மாறிவிட்டார்கள். "அது கடல்ல கதைச்ச கதை பிள்ளை" என்றார் ஒருவர். அன்ரி என் இலக்கத்தையே தடுத்து வைத்திருக்கிறா. ஆனால் அவர்கள் கந்தோருக்கு எடுத்த அழைப்புகளுக்குக் குறைவில்லை. உந்தப் பிள்ளை தாளைப் பிழையா எழுதினது, உந்தப் பிள்ளை எங்களோடை வாய் காட்டினது, உந்தப் பிள்ளையை நிப்பாட்டுங்கோ. முதலாளி அண்ணை ஒவ்வொரு அழைப்பையும் ஒலிபெருக்கியில் போட்டார், நானும் கேட்கட்டும் என்று.

கேட்டேன். அப்படி ஒரு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. இந்த ஆட்கள் எழுதிய முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். செத்தாலும் எடுக்கமாட்டார்கள். ஆனால் இன்னொரு முறைப்பாடு எழுதச் சொன்னால்?

அன்றைக்கே எழுதினேன். இந்தமுறை ஆறுதலாக. நாலு நாள் எடுத்தது. ஒரு பக்கத்தில் தமிழ், மறுபக்கத்தில் ஆங்கிலம். முதல் பந்தி: இந்தப் பயணத்தின் தமிழ் விதிமுறைத் தாளைத் தயாரித்தவர் கவலையீனமாகப் பிழை விட்டு எங்களைத் தவறாக வழிநடத்தினார், படிவத்தில் எந்தப் பெட்டியைத் தெரிவதென்றும் பிழையாகச் சொன்னார், அவர்மீது நடவடிக்கை எடுக்குமாறு கேட்கிறோம். இரண்டாம் பந்தி: எனவே எங்கள் முறைப்பாடு மேற்சொன்ன நபர் மீதே அன்றி, அறைப் பணியாளர் மீது அல்ல, அவருடைய சேவையில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த நாலு நாள் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதை அக்காவுக்குக் கொம்பனி கொடுக்க வேண்டும்; அது இதற்குப் பிறகு பிடிக்க வேண்டிய சண்டை.

முதலாளி அண்ணை இரண்டு தரம் வாசித்தார்.

"உதைக் குடுத்தா உன்னை நான் வைச்சிருக்கேலாது. விளங்குதோ?"

"விளங்குது அண்ணை."

"ஒரு ரூம் துடைக்கிற மனுசிக்காகவோ?"

"நான் எழுதின வசனத்துக்காக அண்ணை."

"விசர்" என்றார். ஆனால் பிரதி எடுக்கிற இயந்திரத்தைப் போட்டுவிட்டார்.

இன்றைக்குப் பின்னேரம் விதானையாருக்கு எடுத்தேன். எடுத்தவுடனே, "திருப்பி எடுக்கிற கதையெண்டா வை" என்றார்.

"இல்லை ஐயா. என்னிலை ஒரு முறைப்பாடு எழுதி வைச்சிருக்கிறன். உங்கடை கையெழுத்து வேணும்."

அவர் கிணற்று மோட்டரை நிப்பாட்டுகிற சத்தம் கேட்டது.

"எத்தினை பிரதி?"

"நாலு ஐயா."

"மூண்டு காணும். விடிய வா."

கப்பல் வர இன்னும் மூன்று நாள். விடிய ஆறு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தால், அவர் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணி மாறி விட இறங்குவதற்கு முதல் புத்தூரில் நிற்கலாம். முதல் பந்தியை அவர் சத்தமாய், மனுசிக்கும் கேட்க வாசிப்பார். அதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவது பந்திக்கு வரும்போது கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்ப்பார். அப்போது ஒன்றும் கதைக்கக் கூடாது. விளங்கப்படுத்தக் கூடாது, கெஞ்சக் கூடாது, முக்கியமாக ஒரு புதுச் சொல்லும் கண்டுபிடிக்கக் கூடாது. பேனையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் கையெழுத்து வைத்துவிட்டால் அங்கிருந்து நேரே உடுப்பிட்டி. தொலைபேசியில் என்னைத் தடுக்கலாம், படலையில் தடுக்க முடியாது.